விற்பனைக்கு வராத வண்டி

எவரும் விலை கொடுத்து வாங்க இயலாத, எவர் வீட்டு வாசலிலும் ஒருநாளும் நிற்கப் போகாத ஒரு காரைப் பெரும் பொருட்செலவில் உருவாக்குவது முறைதானா? நம்மில் பலருக்கு இது ஒரு கேள்வியாகவே தோன்றாது. செல்வம் மிகுந்த நாட்டார் செய்யும் ஆடம்பரங்களுள் இதுவும் ஒன்று எனக் கூறி நகர்ந்துவிடுவோம். ஆனால் சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் நாம் அவ்வளவு எளிதில் நகர்ந்துவிட முடியாது. சக்கரத்தை நம்பிச் சோறுண்ணும் மண் இது. சங்ககிரியில் லாரிகள், திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள், நாமக்கல்லில் லாரிக்குக் கூடு கட்டும் பட்டறைகள் என, நம் பங்குகளில் பாதிக் குடும்பங்களின் அடுப்பு எரிவது வண்டி ஓடுவதால்தான். ஆகவே வண்டியைப் பற்றிய கேள்வி நமக்கு வாழ்க்கையைப் பற்றிய கேள்வியே.

2022 ஆம் ஆண்டு ஜனவரியில் ஜெர்மனியின் மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் 'விஷன் இ.க்யூ.எக்ஸ்.எக்ஸ்' என்னும் மின்சாரக் கார் ஒன்றை உலகுக்குக் காட்டியது. விற்பதற்காக அன்று, ஆராய்வதற்காகச் செய்யப்பட்ட வண்டி அது. மின்கலத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போகாமல், ஒருமுறை ஏற்றிய மின்சாரத்தில் எவ்வளவு தொலைவு செல்ல இயலும் என்று கண்டறிவதே நோக்கம். அதன் உருவாக்கத்தில் பெங்களூரில் உள்ள அந்நிறுவனத்தின் ஆய்வு மையப் பொறியாளர்களுக்கும் பங்கு உண்டு. அவ்வாண்டு ஏப்ரலில் ஜெர்மனியின் சிண்டல்ஃபிங்கனிலிருந்து ஆல்ப்ஸ் மலையைக் கடந்து பிரான்சின் கடற்கரை ஊரான கஸ்ஸிஸ் வரை 1,008 கிலோமீட்டர் தொலைவை, இடையில் ஒருமுறையும் மின்னேற்றம் செய்யாமல் அது கடந்தது. ஜூன் மாதம் ஸ்டுட்கார்ட்டிலிருந்து இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் வரை 1,202 கிலோமீட்டர் ஓடியது. இவ்வளவுக்கும் பெருங்காரணம் அதன் உடல்வடிவம். காற்றின் தடையை அளக்கும் எண் ஒன்று உண்டு. காற்றுக்கு நேராக நிமிர்த்தி நிறுத்திய பலகைக்கு அது 1க்கும் சற்று மேல். இக்காலத்து நல்ல கார்களுக்கு 0.25 முதல் 0.30 வரை. லாரிகளுக்கு 0.6இலிருந்து 0.9 வரையும் போகும். இந்த ஆய்வுக்காருக்கோ 0.17.

இதன் படத்தை நாமக்கல்லில் கூடு கட்டும் பட்டறை வைத்திருக்கும் நம் பங்குக்காரர் ஒருவரிடம் காட்டினேன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இத்தொழிலில் கைபழகியவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு, "நல்லாத்தான் இருக்குதுங்க சாமி. ஆனா இதுல லோடு எங்கீங்க ஏத்தறது?" என்று கேட்டார்.

சுற்றியிருந்தோர் சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனெனில் மெய்யியலார் 'நோக்கக் காரணம்' என்று அழைப்பதைத்தான் அவர் தம் மொழியில் கேட்டார். ஒரு பொருள் எதற்காக உள்ளதோ, அதை வைத்தே அதன் நன்மையை அளக்க வேண்டும் என்பது அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து வரும் முறை. சுமக்காத வண்டிக்கு என்ன நோக்கம்? ஓடாத ஓடம், உழாத கலப்பை என்பனபோல் அதுவும் பெயரளவில் மட்டும் வண்டியா?

இதற்கு விடை தேடுமுன் காற்றைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். காற்று கண்ணுக்குத் தெரிவதில்லை; ஆதலால் அதற்கு எடையும் எதிர்ப்பும் உண்டு என்பதை நாம் மறந்துவிடுகிறோம். மறக்காத ஒரு கூட்டத்தார் நம்மிடையே உள்ளனர். ஓசூரிலிருந்து கூடு கட்டப்படாத வெறும் சேசிஸை ஓட்டிவரும் ஓட்டுநர்களைப் பார்த்திருப்பீர்கள். கூரை இல்லை, கதவு இல்லை, முகத்துக்கு முன்னே கண்ணாடியும் இல்லை. தற்காலிகமாகப் பொருத்திய ஓர் இருக்கை, காதைச் சுற்றி ஒரு துண்டு, அவ்வளவே. கிருஷ்ணகிரி, தருமபுரி தாண்டித் தொப்பூர்க் கணவாயில் இறங்கும்போது முகத்தில் அறையும் காற்றோடு அவர் போராடிக்கொண்டே வருகிறார். நாற்பதில் ஓட்டும்போது தாங்கிக்கொள்ளலாம், எண்பதில் ஓட்டினால் மூச்சே நின்றுவிடும் என்று அவர்கள் கூறுவர். அறிவியலும் அதையே கூறுகிறது. வேகம் இருமடங்கானால் காற்றின் எதிர்ப்பு இருமடங்கு ஆவதில்லை, நான்கு மடங்காகிறது. அந்த எதிர்ப்பை வெல்ல எஞ்சின் ஒவ்வொரு நொடியும் செலவிடவேண்டிய ஆற்றலோ எட்டு மடங்காகிறது. டீசலுக்கு நாம் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு சரக்கைச் சுமக்கச் செலவாவதில்லை. வழியில் நின்ற காற்றைத் தள்ளி ஒதுக்கவே செலவாகிறது.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. காற்றை முன்னால் தள்ளுவது பாதிக் கதையே. சதுரமாக வெட்டி நிறுத்திய பின்புறத்துக்குப் பின்னே காற்று ஒழுங்காக வந்து சேர இயலாமல் சுழல்கிறது. அச்சுழல் வண்டியைப் பின்னோக்கி இழுக்கிறது. நீர்த்துளியின் முன்பக்கம் உருண்டும் பின்பக்கம் மெலிந்தும் இருக்குமாறு ஓவியர் வரைவரல்லவா, அவ்வடிவமே காற்றுக்கு ஏற்றது. கூர்மையான மூக்கே வேகத்தைத் தரும் என்று எண்ணுவோர் பலர். உண்மையில் வால்தான் முதன்மையானது. வந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே காற்றை விட்டுச் செல்லும் வண்டியே நல்ல வண்டி.

இவ்வுண்மை நூறாண்டுகளுக்கு முன்பே அறியப்பட்டது. ஆஸ்திரியரான எட்மண்ட் ரும்ப்ளர் விமானம் செய்தவர். 1921 ஆம் ஆண்டு பெர்லின் கண்காட்சியில் 'துளிவண்டி' என்ற பெயரில் ஒரு காரை அவர் காட்சிக்கு வைத்தார். மேலிருந்து பார்த்தால் கண்ணீர்த்துளி போன்ற வடிவம். 1979 இல் அவ்வண்டியைக் காற்றுக்குகைச் சோதனைக்கு உட்படுத்தியபோது அதன் தடையெண் 0.28 என்று தெரிந்தது; சோதித்த பொறியாளரே வியந்தனர். ஆயினும் அக்காலத்து மக்கள் அதை விரும்பி வாங்கவில்லை. ஏறத்தாழ நூறு வண்டிகளே செய்யப்பட்டன. சில பெர்லினில் வாடகை வண்டிகளாக ஓடின. சில, 1927 இல் வெளியான 'மெட்ரோபொலிஸ்' என்னும் திரைப்படத்துக்காக எரிக்கப்பட்டன. ரும்ப்ளர் யூதர், நாசிகள் ஆட்சியில் அவருடைய தொழில்வாழ்வு சிதைந்தது, 1940 இல் இறந்தார்.

1939 இல் கார்ல் ஷ்லோர் என்பவர் கோட்டிங்கன் ஆய்வுக்கூடத்தில் இன்னும் துணிவான ஒன்றைச் செய்தார். ஏழு பேர் அமரக்கூடிய, முட்டை வடிவக் கார். தடையெண் 0.2க்கும் கீழ். அதே அடிச்சட்டத்தில் ஓடிய சாதாரணக் காரைவிட வேகமும் அதிகம், எரிபொருட் செலவும் குறைவு. ஆனால் பக்கவாட்டில் காற்று அடித்தால் தள்ளாடும். பார்ப்பதற்கும் அழகில்லை என்றனர். போர் வந்தது. அந்த ஒற்றை வண்டி போருக்குப்பின் எங்கோ சிதைந்து மறைந்தது. 'கோட்டிங்கன் முட்டை' என்னும் கேலிப்பெயர் மட்டும் எஞ்சியது. முட்டைக்குப் பெயர்போன நாமக்கல்லில் இதைச் சொன்னால் கேலியாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

இவ்விரு வண்டிகளும் வீணா? அன்றைய கணக்குப்பிள்ளை வீண் என்றே எழுதியிருப்பார். நான் அப்படி எழுதத் தயங்குகிறேன். புனித தாமஸ் அக்குவினாஸ் செய்யும் ஒரு வேறுபாடு இங்கே துணைசெய்கிறது. செயலைச் சரியாகச் செய்யும் அறிவு ஒன்று; பொருளைச் சரியாகச் செய்யும் அறிவு மற்றொன்று. முன்னதை விவேகம் என்பார். பின்னதைக் கலை என்பார். தச்சனின் கலைக்கு அளவுகோல் தச்சனின் மனமன்று, அவன் செய்த நாற்காலி. அவன் நல்லெண்ணத்தோடு செய்தான் என்பதற்காக ஆடும் நாற்காலி ஆடாமல் நின்றுவிடாது. அப்படியாயின், ஒரு பொருளை அதன் முழுமை மட்டும் செய்து பார்க்கும் முயற்சி கலையின் இயல்பிலேயே அடங்கியது. வாங்குபவரின் பணப்பை, விற்பவரின் இலாபம், சாலையின் அகலம் ஆகிய எல்லாவற்றோடும் சமரசம் செய்துகொண்ட வண்டிகளே நம் தெருக்களில் ஓடுகின்றன. எவ்வளவு விட்டுக்கொடுத்தோம் என்பதை அறிய வேண்டுமானால், எதையும் விட்டுக்கொடுக்காத வண்டி ஒன்றாவது எங்கேனும் இருக்க வேண்டும் அன்றோ? அளவுகோல் சரக்கு ஏற்றுவதில்லை. அதற்காக அதை எவரும் எறிந்துவிடுவதில்லை. பட்டறைக்காரரின் கேள்விக்கு என் முதல் விடை இதுவே.

ஆனால் இவ்விடையோடு நிறுத்திக்கொண்டால் ஏமாற்றாகும். ஆய்வு என்ற பெயரில் கண்காட்சி மேடையில் விளக்கொளியில் சுழலும் வண்டிகள் எல்லாமே அளவுகோல்கள் அல்ல. பல, நிறுவனத்தின் பெருமையைக் காட்டும் பொம்மைகள். உள்ளே எஞ்சினே இல்லாதவையும் உண்டு. இரண்டையும் பிரித்தறிவது எப்படி? தன்னை அளந்து பார்க்க இடங்கொடுக்கிறதா என்று கேட்டால் போதும். காற்றுக்குகைக்கு முகத்தாட்சண்யம் தெரியாது. ஆயிரம் கிலோமீட்டர் ஓடுவேன் என்று சொன்ன வண்டி சாலையில் இறங்கி ஓடிக் காட்டவேண்டும். அந்த வகையில் 2022 ஆம் ஆண்டின் காரை நான் நேர்மையான வண்டி என்பேன்.

அதே நிறுவனம் 2005 இல் செய்த மற்றோர் ஆய்வுக்கார் வேறொரு பாடம் தருகிறது. பெட்டிபோன்ற உடலமைப்புக் கொண்ட ஒரு கடல்மீனைப் பார்த்து அதே வடிவில் கார் செய்தனர். தடையெண் 0.19, சிறந்த எண்தான். இயற்கை கோடிக்கணக்கான ஆண்டுகளில் கண்டறிந்ததை நாங்கள் கற்றுக்கொண்டோம் என்று மகிழ்ந்தனர். 2015 இல் உயிரியல் அறிஞர் சிலர் அம்மீனையே மறுபடி ஆராய்ந்தபோது, அதன் உடல் நீரைக் கிழித்து விரைவதற்காக அமைந்ததன்று என்று கண்டனர். அது பவளப்பாறைகளின் இடுக்கில் சட்டெனத் திரும்பவேண்டிய மீன். அதன் உடல் நேராகச் செல்வதற்கு உதவுவதைவிட, திரும்புவதற்கே உதவுகிறது. கார் நன்றாகவே அமைந்தது. மீனைத்தான் தவறாகப் படித்திருந்தனர். படைப்பிலிருந்து பாடம் கற்கிறோம் என்று மேடையில் முழங்கும் நாம், நமக்கு வேண்டியதைப் படைப்பின் வாயில் திணித்துவிட்டு அதுவே சொன்னதாக எத்தனை முறை கூறியிருக்கிறோம்!

நம் நாட்டு நிகழ்ச்சி ஒன்றையும் இங்கே நினைக்கவேண்டும். கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு 1952 இல் இருவர் செல்லத்தக்க சிறிய பெட்ரோல் கார் ஒன்றை உருவாக்கினார். விலை 2,000 ரூபாய் அளவில் அடங்கும் என்றார். அரசின் உரிமம் கிடைக்காமையால் அது உற்பத்திக்கு வரவில்லை. அது காற்றியல் ஆய்வன்று. ஏழை எளியவர் எட்டிப்பிடிக்கக்கூடிய விலையில் ஆய்வு. ஆயினும் ரும்ப்ளரின் வண்டிக்கும் அதற்கும் ஓர் உறவு உண்டு. ஒன்றை வாங்குவோர் மறுத்தனர். மற்றொன்றை ஆள்வோர் மறுத்தனர். விற்பனைக்கு வராமை என்பது எப்போதும் செய்தவரின் விருப்பமாக இருப்பதில்லை. நாயுடுவின் காரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமே மேலிடுகிறது. பெருநிறுவனம் தன் விருப்பத்தால் விற்காமல் வைத்த வண்டிக்கு ஆய்வு என்று பெயர். தனிமனிதரின் வண்டி விற்கவிடாமல் தடுக்கப்பட்டால் அதற்கு விந்தைப் பொருள் என்று பெயர்.

இனி, கடினமான கேள்விக்கு வருவோம். அளவுகோல் வேண்டும் என்று ஒப்புக்கொண்டோம். அந்த அளவுகோலால் எதை அளக்கிறோம்? 2022 ஆம் ஆண்டின் காரில் கற்ற பாடங்கள் 2025 இல் அதே நிறுவனத்தின் விற்பனைக் காருக்குச் சென்றன. அக்காரை வாங்கவும் நம் ஊரில் எத்தனை பேரால் இயலும்? அறிவு மேலிருந்து கீழே சொட்டும், பொறுத்திருங்கள் என்று சொல்வது எளிது. சொட்டுவதற்குள் தாகத்தால் சாகிறவனுக்கு அது விடையாகாது.

ஆயினும் கீழிருந்தே தொடங்கிய ஆய்வும் உண்டு. அமெரிக்காவில் கலிஃபோர்னியப் பாலைவனத்தில் நாசாவின் விமான ஆய்வு நிலையம் ஒன்று இருக்கிறது. அங்கே பணிபுரிந்த எட்வின் சால்ட்ஸ்மன் என்னும் பொறியாளர் மிதிவண்டியில் வேலைக்குச் செல்வார். பெரிய லாரிகள் அவரைக் கடக்கும்போதெல்லாம் முதலில் காற்று அவரை வெளியே தள்ளும். அடுத்த நொடி லாரியை நோக்கி உள்ளே இழுக்கும். தன்னைத் தள்ளி இழுப்பது லாரி வீணாக்கும் ஆற்றலே என்று அவருக்குத் தோன்றியது. 1973 இல் அவரும் உடன்பணியாளரும் ஒரு பழைய வேனை எடுத்து, அதைச் சுற்றி அலுமினியத் தகட்டால் சவப்பெட்டி போன்ற சதுரக் கூடு ஒன்றைக் கட்டினர். பிறகு மூலைகளை ஒவ்வொன்றாக உருட்டினர். எல்லா விளிம்புகளையும் உருட்டியபோது காற்றுத்தடை 54 விழுக்காடு குறைந்தது. அதற்காக இழந்த உள்ளிடம் 3 விழுக்காடே. இன்று உலகெங்கும் லாரிகளின் கூரைமேல் காணப்படும் காற்றுத் தடுப்புகளுக்கும் வளைந்த முகப்புகளுக்கும் அந்த அவலட்சணமான வேன் ஒரு முன்னோடி.

நம் நெடுஞ்சாலையில் டி.வி.எஸ். 50 ஓட்டிச் செல்லும் எவருக்கும் சால்ட்ஸ்மன் உணர்ந்தது தெரியும். முன்பு 7 என்றும் இப்போது 44 என்றும் எண்ணிட்ட அச்சாலையில், இராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடையே, முன்னால் பிள்ளையையும் பின்னால் மனைவியையும் அமர்த்திக்கொண்டு போகிறவரை ஒரு பார லாரி கடக்கும்போது வண்டி ஒரு முழம் விலகி மறுபடி உள்ளே சாய்கிறது. கைப்பிடியை இறுக்கிக்கொள்கிறார், வாயில் இறைவன் பெயர் வருகிறது. லாரி ஓட்டுநருக்கு எதுவும் தெரிவதில்லை. அவர் பொல்லாதவர் அல்லர். அவருடைய வண்டி பின்னால் விட்டுச் செல்லும் சுழல் அவர் கண்ணாடியில் தெரியாது என்பதே காரணம். நாம் உலகில் கடந்து செல்லும்போது நமக்குப் பின்னே என்ன நேர்கிறது என்பது நமக்குத் தெரிவதில்லை. பக்கத்தில் செல்லும் சிறியவனுக்கே தெரிகிறது. காற்றியலை எரிபொருட் சிக்கனமாக மட்டும் எண்ணியிருந்த எனக்கு, அது அயலாரைப் பற்றிய கேள்வியும் ஆகும் என்று புரியவைத்தது இந்த மிதிவண்டிக்காரரின் கதையே.

இதையெல்லாம் பட்டறைக்காரரிடம் கூறியபோது அவர் சும்மா தலையாட்டிவிடவில்லை. தம் பக்க நியாயத்தை எடுத்து வைத்தார். சட்டம் அனுமதிக்கும் அகலம் 2.6 மீட்டர், அதில் ஓர் அங்குலத்தையும் விட்டுக்கொடுக்க உரிமையாளர் சம்மதிக்க மாட்டார். பஞ்சுப் பொதி, வைக்கோல், மரவள்ளிக் கிழங்கு, தீவன மூட்டை என ஏற்றும் சரக்கு மாறிக்கொண்டே இருக்கும்; தார்ப்பாய் போட்டுக் கட்டிய பின் என்ன வடிவம் மிஞ்சும்? போதாக்குறைக்கு, இப்போது பல வண்டிகள் தொழிற்சாலையில் செய்த கேபினுடனேயே வந்துவிடுகின்றன; பின்பக்கப் பெட்டி மட்டுமே பட்டறைக்கு மிஞ்சுகிறது. "முப்பது நாப்பதுல ஊர்ந்து போற வண்டிக்குக் காத்து என்னங்க சாமி பண்ணும்?" என்றார். அதிலும் உண்மை இருக்கிறது. குறைந்த வேகத்தில் சக்கரத்தின் உராய்வே பெரிது. காற்றின் பங்கு சிறிது. ஐரோப்பாவின் விடையை அப்படியே நம் சாலையில் ஒட்டவைக்க முடியாது. ஆனால் நான்குவழிச் சாலைகள் வந்தபின் நம் லாரிகள் அவர் சொன்ன வேகத்தில் மட்டுமா ஓடுகின்றன?

அவர் சொன்ன மற்றொன்றுதான் என்னை வெகுநாள் உறுத்தியது. வண்டியின் சன்னலைத் திறந்து வைத்தால் காற்றுத்தடை கூடும் என்று எங்கோ படித்ததை அவரிடம் கூறினேன். "சன்னலைச் சாத்திட்டு சித்திரை மாசத்துல ஒருக்கா நாகப்பூர் வரைக்கும் ஓட்டிப் பாக்கச் சொல்லுங்க, அந்தப் புத்தகம் எழுதினவரை" என்றார். எஞ்சின் சூட்டில் வெந்துகொண்டே இரவும் பகலும் ஓட்டுகிறவருக்குச் சன்னலில் வரும் காற்றே ஒரே ஆறுதல். காற்றை வெல்லும் வடிவத்தை ஆராய்ந்த அறிவு, உள்ளே அமர்ந்திருப்பவரின் மூச்சைப் பற்றி நெடுங்காலம் கேட்கவில்லை. கனரகச் சரக்கு வண்டிகளின் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயம் என்னும் விதியை நடுவண் அரசு 2023 டிசம்பரில்தான் அறிவித்தது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் வண்டிகளுக்கு அது பொருந்தும் என்றது. பழைய வண்டிகளை ஓட்டுவோருக்குப் பழைய வெக்கையே. கார்களில் பல ஆண்டுகளாகச் சாதாரணமாகிவிட்ட ஒன்று, காருக்கும் வீட்டுக்கும் வேண்டிய அனைத்தையும் சுமந்து வருகிறவருக்கு இவ்வளவு தாமதமாக ஏன் வந்தது என்று எந்தக் காற்றுக்குகையும் விளக்காது. இதைச் சொல்வதால் ஆய்வுக்கார்களை நான் பழிக்கவில்லை. சன்னலைச் சாத்தினாலும் உள்ளே இருப்பவர் வேகாத கேபினும், பக்கத்தில் செல்வோரைத் தள்ளாத பெட்டியும், அதே முழுமைத் தேடலோடு எவரேனும் ஒருவர் விற்பனையை எண்ணாது ஒருமுறை செய்து பார்க்கத் தக்கவை என்கிறேன். அதற்கு நாமக்கல்லைவிடப் பொருத்தமான இடம் இந்நாட்டில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கையறிவு இங்கே உண்டு, இடம் உண்டு, ஓட்டிப் பார்த்து உண்மையை மறைக்காமல் சொல்ல ஓட்டுநர்களும் உண்டு. பொறியியற் கல்லூரிகளுக்கும் இப்பகுதியில் குறைவில்லை. அவற்றின் மாணவர் ஒரு பருவம் பட்டறைகளில் வந்து தகடு அடித்தால் இரு தரப்புக்கும் நல்லது.

அண்மையில் அவர் பட்டறைக்குச் சென்றிருந்தேன். முட்டை ஏற்றும் வண்டி ஒன்றுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். "அந்த அமெரிக்காக்காரர் மூணு விழுக்காடு இடந்தான போகும்ன்னு சொன்னாருங்க?" என்று தாமாகவே தொடங்கினார். ஒரு நடைக்கு ஓர் இலட்சம் முட்டை என்று வைத்துக்கொண்டால் 3 விழுக்காடு என்பது 3,000 முட்டை. அட்டைக்கு 30 வீதம் 100 அட்டை. நூறு அட்டைக்கு வாடகை எவ்வளவு, கொச்சி வரை சென்று திரும்ப எத்தனை லிட்டர் டீசல் மிஞ்சினால் அது ஈடாகும் என்று பலகை ஒன்றில் கணக்குப் போட்டார். தொகையைப் பார்த்துச் சற்று யோசித்தார். பிறகு சாக்குக்கட்டியை எடுத்து, சதுரமாக வெட்டி வைத்திருந்த முன்மூலைத் தகட்டின்மேல் ஒரு சாண் அளவுக்கு வளைவு ஒன்றை வரைந்து, மகனைக் கூப்பிட்டுக் காட்டினார்.